100 ஆண்டு மழை எண் நம்பும்படி வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

மழைப் பதிவிலிருந்து ஆண்டு உச்சங்களை எடுத்து, ஒரு பரவலை (எவ்வளவு மழைக்கு எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் கணித வளைவு) பொருத்தி, 10, 50, 100 ஆண்டு மழையை (100 ஆண்டு மழை என்றால் எந்த ஒரு வருடத்திலும் தாண்டப்படும் வாய்ப்பு 1 சதவீதம் உள்ள மழை) கண்டுபிடிப்பது மேலோட்டமாகப் பார்த்தால் அரை நாள் வேலை. கணினி சில நொடிகளில் எண்ணைக் கொடுத்துவிடும், தலைவலி அதற்கப்புறம்தான். எண் மலைபோல் வரும், இல்லையென்றால் போன வருடம் பெய்த மழையைவிடச் சின்னதாக வரும், வளைவுகள் ஒன்றையொன்று வெட்டும், பக்கத்துப் பக்கத்து மழைமானிகள் வேறு வேறு கண்டத்தில் இருப்பதுபோல் பேசும். உடனே கை போவது பரவலை மாற்றத்தான். கம்பெல் சரியில்லையா, ஜிஇவி போடு, அதுவும் சரியில்லையா, லாக்-பியர்சன் போடு (மூன்றும் உச்சங்களுக்குப் பொருத்தும் பரவல்களின் பெயர்கள்). நான் பார்த்தவரை கோளாறு அங்கே இருப்பது அபூர்வம். ஆண்டு உச்சம் என்று நாம் எழுதும் அந்த ஒற்றை எண் கோப்பிலிருந்து எப்படி வந்தது என்பதில்தான் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் கோப்பு, அப்புறம் கணக்கு, வேறு வழியே இல்லையென்றால் பரவல் என்ற வரிசையில் போகிறேன்.

தொடங்குமுன் மூலப் பதிவையும் (யாரோ சுத்தம் செய்து கொடுத்த கோப்பை அல்ல) மழைமானி எப்போது இடம் மாறியது, எப்போது கருவி மாறியது என்ற குறிப்பையும் தேடி எடுத்து வையுங்கள். பக்கத்தில் இரண்டு மழைமானிகளின் தரவும் வேண்டும். அதில்லாமல் கீழே உள்ளவற்றில் பாதியைச் செய்ய முடியாது.

100 ஆண்டு மழை மலைபோல் வந்து நிற்கிறது

முதலில் அந்த எண்ணை உலக உச்சத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 24 மணி நேரத்தில் பூமியில் அளக்கப்பட்ட அதிகபட்ச மழை 1,825 மி.மீ.; 1966 ஜனவரியில் ரீயூனியன் தீவின் ஃபோக்-ஃபோக்கில், ஒரு வெப்பமண்டலப் புயலின்போது பெய்தது. உங்கள் எண் அதன் கிட்டத்தில் போனாலே வாதம் வேண்டாம், எங்கோ உடைந்திருக்கிறது. பெரும்பாலும் அலகு. உதாரணமாக ஜிஎச்சிஎன்-டெய்லி என்ற உலகளாவிய தினசரித் தொகுப்பில் மழை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்காக எழுதப்பட்டிருக்கும். 1,270 என்று இருந்தால் அது 127 மி.மீ. விடுபட்ட நாளுக்கு 9999 என்று எழுதும் கோப்புகளும் உண்டு. அதை மழையாகப் படித்த கணக்கையும் பார்த்திருக்கிறேன். இவை கண்ணில் அடிக்கும் பிழைகள், பிடிப்பது சுலபம்.

பிடிபடாமல் நழுவுவது வேறு ரகம். பயிற்சிக்காக நானே கோத்த 20 ஆண்டு வரிசை இது, ஒரு நாள் மழையின் ஆண்டு உச்சங்கள், மி.மீ. கணக்கில், சிறிதிலிருந்து பெரிதாக: 48, 53, 57, 60, 64, 66, 69, 72, 75, 78, 81, 85, 88, 93, 97, 104, 112, 121, 134, 218.

எல்-மொமென்ட் முறையில் (வரிசைப்படுத்திய எண்களின் எடையிட்ட சராசரிகளிலிருந்து அளவுருக்களை எடுக்கும் முறை) ஜிஇவி பொருத்தினால் ஷேப் அளவுரு (வாலின் கனத்தைச் சொல்லும் எண்; இங்கே நேர்க்குறி என்றால் கனத்த வால், அதாவது மிகப் பெரிய மழைக்கும் கணிசமான வாய்ப்பு) 0.26, 100 ஆண்டு மழை 250 மி.மீ. கம்பெல் போட்டால் 199. கடைசி எண் 218 துருத்திக்கொண்டு நிற்பது தெரிகிறது, ஆனால் அசாத்தியமான எண் இல்லை. இங்கேதான் பலரும் 'கனத்த வால்' என்று எழுதி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த வருடத்தின் தினசரிப் பக்கத்தைத் திறங்கள். வெள்ளி 14. சனி காலி. ஞாயிறு காலி. திங்கள் 218. அளவெடுப்பவர் இரண்டு நாள் வரவில்லை. மூன்று நாள் மழை மழைமானியில் சேர்ந்து கிடந்து திங்கள்கிழமைக் கணக்கில் ஏறியிருக்கிறது.

பக்கத்து மழைமானியில் அந்த மூன்று நாளும் 20, 110, 60 என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம், மொத்தம் 190. அதே விகிதத்தில் 218-ஐப் பிரித்தால் சனி 23, ஞாயிறு 126, திங்கள் 69. ஆண்டு உச்சம் 126 ஆகிறது. இதை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டினால் ஷேப் −0.03, ஜிஇவியின் 100 ஆண்டு மழை 164, கம்பெல் 168. ஒரே ஒரு கட்டத்தில் இருந்த எண் 250-ஐ 164 ஆக்கிவிட்டது; இத்தனைக்கும் மீதி 19 எண்களைத் தொடவே இல்லை. கம்பெல் போட்டவர் 199-க்கும் 168-க்கும் நடுவில்தான் ஆடியிருப்பார், அதனால் அவருக்குப் பிழை இருப்பதே தெரிந்திருக்காது. ஜிஇவி கூச்சல் போட்டது நல்லதுதான்.

பிரித்து எழுதிய 126 ஒரு மதிப்பீடு, அளவீடு இல்லை. கோப்பில் அதற்கு ஒரு குறி போட்டு வையுங்கள்.

சரி, தேடிப் பார்த்ததில் 218 நிஜம், பக்கத்து மழைமானிகளிலும் அன்றைக்குக் கொட்டியிருக்கிறது என்றால்? தூக்கக் கூடாது. வால் எப்படி இருக்கிறது என்று நமக்குச் சொல்லும் ஒரே சாட்சி அது. ஆனால் 20 ஆண்டிலிருந்து எடுத்த ஷேப் அளவுருவையும் அப்படியே நம்பக் கூடாது. 0.1 என்று ஷேப் வைத்து 20 எண்களை கணினியில் ஆயிரம் தடவை உருவாக்கி ஒவ்வொன்றுக்கும் மறுபடி பொருத்திப் பாருங்கள். ஷேப் எதிர்க்குறியிலிருந்து 0.3-க்கு மேல் வரை ஓடி விளையாடுவதைப் பார்த்த பிறகு 0.26 என்று இரண்டு தசம இடத்துக்கு எழுதக் கை கூசும். பாப்பலெக்ஸியூவும் குட்சோயானிஸும் 2013-இல் உலகெங்கும் 15,137 மழைமானிகளின் தினசரி உச்சங்களை அலசியபோது கிடைத்த சராசரி ஷேப் 0.114. மார்டின்ஸும் ஸ்டெடிங்கரும் 2000-இல் ஷேப் அளவுருவை 0.10-ஐ மையமாகக் கொண்ட ஒரு முன்பரவலால் (தரவைப் பார்க்கும் முன்பே ஷேப் எங்கே இருக்கலாம் என்று சொல்லும் பரவல்) கட்டிப்போடும் வழியைக் கொடுத்தார்கள். குறைந்த ஆண்டுத் தரவுக்கு நான் முதலில் எடுப்பது அதைத்தான். இல்லையென்றால் கீழே சொல்லும் வட்டார முறை.

எண் சந்தேகப்படும்படி சின்னதாக இருக்கிறது

எனக்குப் பெரிய எண்ணைவிட இதுதான் பயம், ஏனென்றால் சின்ன எண்ணைப் பார்த்து யாரும் கேள்வி கேட்பதில்லை.

தினசரி மழை என்பது ஒரு குறிப்பிட்ட காலை நேரத்திலிருந்து மறுநாள் அதே நேரம் வரை. மழைக்கு அந்த மணிக் கணக்கு தெரியாது. நள்ளிரவில் தொடங்கி மறுநாள் நண்பகல் வரை பெய்தால் பாதி இந்த நாளில், பாதி அடுத்த நாளில் விழும், இரண்டு நாளுமே சாதாரணமாகத் தெரியும். இந்தக் குறையைச் சராசரியாக ஈடுகட்டத்தான் 1.13 என்ற பெருக்கெண். மழை ஆய்வாளர் ஹெர்ஷ்ஃபீல்டின் காலத்திலிருந்து, அதாவது 1960-களின் தொடக்கத்திலிருந்து, இது புழக்கத்தில் இருக்கிறது. வைஸ் 1964-இல் கணித வழியாக எடுத்தது 8/7, அதாவது 1.143. நாள் கணக்கில் எடுத்த ஆண்டு உச்சத்தை '24 மணி நேர மழை' என்று பெயர் மாற்றும்போது இந்தப் பெருக்கெண்ணைப் போட்டீர்களா? மணிக்கொரு முறை எடுத்த தரவிலிருந்து 1 மணி நேர உச்சம் எடுக்கும்போதும் இதே கதைதான். அதே மணித் தரவிலிருந்து 24 மணி நேரத்தை நகரும் சாளரமாகக் கூட்டினால் திருத்தம் கிட்டத்தட்டத் தேவையே இல்லை. இரண்டு முறை பெருக்கிவிட்ட கோப்புகளும் உண்டு. தரவு கொடுத்தவர் ஏற்கனவே திருத்திவிட்டாரா என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

நாள் மழையிலிருந்து குறுகிய நேர மழையை மூன்றில் ஒரு பங்கு அடுக்கு விதியால் (நேரத்தின் கன மூலத்துக்கேற்ப மழை கூடும் என்பது) எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த விதிப்படி 1 மணி நேர மழை என்பது 24 மணி நேர மழையின் சுமார் 35 சதவீதம். உள்ளே போடும் எண் 13 சதவீதம் குறைந்தால் வெளியே வரும் எல்லாக் கால அளவும் அதே அளவு குறைந்தே வரும். அதோடு அந்த அடுக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு தானியங்கி மழைமானியில் பத்து வருடத் தரவு கிடைத்தாலே அடுக்கைச் சரிபார்த்துவிடலாம்.

அடுத்து டிப்பிங் பக்கெட், அதாவது சின்ன வாளி நிரம்பிக் கவிழ்வதை எண்ணும் தானியங்கி மழைமானி. 0.2 மி.மீ.க்கு ஒரு முறை கவிழும் வாளியில் மணிக்கு 120 மி.மீ. மழை பெய்தால் மணிக்கு 600 முறை, அதாவது 6 நொடிக்கு ஒரு முறை கவிழும். கவிழ்ந்துகொண்டிருக்கும் அந்த நொடிப்பொழுதில் விழும் நீர் கணக்கில் வராது. மழை கடுமையாகக் கடுமையாக இழப்பும் கூடும். நமக்கு வேண்டியதோ அந்தக் கடுமையான நிமிடங்கள்தான். செறிவுக்கேற்ற (மணிக்கு எத்தனை மி.மீ. என்பதற்கேற்ற) திருத்தம் போட்ட தரவா என்று கேட்டு வாங்குங்கள். 1 நிமிட இடைவெளியில் பார்த்தால் ஒரு கவிழ்ப்பு மணிக்கு 12 மி.மீ. என்ற படியாகத்தான் தெரியும் என்பதால், அந்தத் தரவில் நிமிடச் செறிவைப் பற்றி நுணுக்கமாகப் பேசுவதில் அர்த்தமும் இல்லை.

புனலில் இலை அடைத்துக்கொண்டால் இன்னொரு அடையாளம் தெரியும். பெருமழை பெய்த மாலையில் செறிவு மளமளவென்று ஏறி, சட்டென்று ஒரு சமமான மட்டத்தில் நின்று, அப்படியே மணிக்கணக்கில் ஒரே சீராக, இரண்டு நிமிடத்துக்கு ஒரு கவிழ்ப்பு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு கவிழ்ப்பு என்று விடிய விடிய ஓடும். மழை அப்படிப் பெய்யாது. அது புனலில் தேங்கிய நீர் சொட்டுவது. நாள் மொத்தம் ஏறக்குறைய சரியாக இருக்கும், புனல் நிரம்பி வழிந்திருந்தால் அதுவும் குறையும். 15 நிமிட உச்சம் எப்படியும் போச்சு. ஆண்டு உச்சங்களை எடுத்ததும் அந்தந்த நாளின் வரைபடத்தைக் கண்ணால் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான். 30 வருடத்துக்கு 30 படம், ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.

விடுபட்ட நாட்களைப் பூஜ்யம் என்று நிரப்பிய கோப்பு, மழைக்காலமே இல்லாத வருடத்தின் 'ஆண்டு உச்சம்', கட்டங்களாகச் சராசரி எடுத்த தரவு ஆகியவையும் எண்ணைக் கீழே இழுக்கும். வருடத்தில் எத்தனை நாள் விடுபட்டது என்பதைவிட மழைக்காலத்தில் எத்தனை நாள் விடுபட்டது என்பதுதான் முக்கியம். கட்டத் தரவு ஒரு புள்ளியில் பெய்த மழை இல்லை, பல சதுர கிலோமீட்டரின் சராசரி. அதை மழைமானியோடு ஒப்பிட்டு 'தவறு' என்று சொல்வது அதற்குச் செய்யும் அநியாயம்.

ஒரே தரவு, இரண்டு மென்பொருள், இரண்டு பதில்

ஷேப் அளவுருவின் குறியைப் பாருங்கள். எல்-மொமென்ட் முறையைக் கொடுத்த ஹாஸ்கிங்கின் வழக்கத்தில் எதிர்க்குறி என்றால் கனத்த வால். ஆர் மொழியின் பல தொகுப்புகளில் நேர்க்குறி என்றால் கனத்த வால். பைத்தானின் சைப்பை நூலகம் ஹாஸ்கிங் பக்கம். அறிக்கையிலிருந்து 0.15 என்ற எண்ணை எடுத்து சைப்பையில் அப்படியே போட்டால் உங்கள் மழைக்கு ஒரு உச்சவரம்பு முளைத்துவிடும், 100 ஆண்டுக்கும் 1,000 ஆண்டுக்கும் வித்தியாசமே இல்லாததுபோல் வளைவு படுத்துவிடும். வளைவு வலப்பக்கம் படுத்திருந்தால் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும்.

படம்தான் வேறுபடுகிறது, எண் ஒன்றுதான் என்றால் அது புள்ளி வைக்கும் சூத்திரம், அதாவது அளந்த ஒவ்வொரு உச்சத்தையும் எத்தனை ஆண்டு மழை என்று படத்தில் குறிக்கும் சூத்திரம். 40 ஆண்டுத் தரவின் மிகப் பெரிய மழைக்கு வைபுல் சூத்திரம் 41 ஆண்டு என்று சொல்லும், கிரிங்கோர்டன் சுமார் 72 ஆண்டு என்று சொல்லும். பொருத்தம் மாறவில்லை, கடைசிப் புள்ளி நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு புள்ளி கோட்டிலிருந்து விலகி நிற்கிறதே என்று பரவலை மாற்றாதீர்கள்.

வருடம் எங்கே தொடங்குகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். மழைக்காலம் டிசம்பர், ஜனவரியில் விழும் இடத்தில் நாள்காட்டி வருடத்தை வைத்தால் ஒரே மழைத் தொடர் இரண்டு வருடத்துக்கும் உச்சமாக வந்து உட்கார்ந்துவிடும். மழை மிகக் குறைந்த மாதத்தில் வருடத்தைத் தொடங்குங்கள்.

எம்எல்இ முடிவுக்கு வராமல் நிற்கிறது

எம்எல்இ என்பது தரவுக்கு மிக அதிக வாய்ப்புக் கொடுக்கும் அளவுருக்களைக் கணினி படிப்படியாகத் தேடும் முறை. அது நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் தொடக்க மதிப்புகள்தான். திட்டவிலக்கத்தை 0.78-ஆல் பெருக்கி ஸ்கேல் (பரவலின் அகலம்) என்றும், சராசரியிலிருந்து திட்டவிலக்கத்தின் 0.45 பங்கைக் கழித்து லொகேஷன் (பரவல் நிற்கும் இடம்) என்றும், ஷேப்புக்கு 0.1 என்றும் கொடுத்துப் பாருங்கள். தரவைச் சராசரியால் வகுத்துவிட்டு ஓட்டினால் இன்னும் நல்லது. அப்படியும் நகரவில்லை என்றால் வரிசையில் ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அளவெடுப்பவர் 5-க்கும் 10-க்கும் முழுமைப்படுத்தி எழுதிய தரவில் இப்படி நடக்கும், ஆண்டு உச்சம் மட்டும் இல்லாமல் ஒரு வரம்பைத் தாண்டிய எல்லா மழைகளையும் எடுக்கும்போது இன்னும் அதிகமாக. எல்-மொமென்ட் இந்தச் சண்டித்தனம் எதுவும் பண்ணாது. 30 ஆண்டுக்குக் குறைந்த தரவில் நான் எம்எல்இ பக்கம் போவதே காலத்தோடு மாறும் மாடல் வேண்டும்போது மட்டும்தான்.

புள்ளிகள் முழங்கைபோல் மடங்குகின்றன

கம்பெல் தாளில் (கம்பெல் பரவல் நேர்கோடாகத் தெரியும் வரைதாள்) முதல் இருபது புள்ளி ஒரு கோட்டில் போய், அதற்கப்புறம் வேறொரு செங்குத்தான கோட்டில் ஏறினால் இரண்டு வகை மழையை ஒரே பையில் போட்டிருக்கிறீர்கள். மாலை நேர இடிமழை ஒரு வகை, புயல் கொண்டுவரும் மழை இன்னொரு வகை. எந்த ஒற்றைப் பரவலும் இரண்டுக்கும் ஒழுங்காகப் பொருந்தாது. ஜிஇவி வளைந்து கொடுத்து ஷேப்பை ஏற்றிவிடும், படம் அழகாகத் தெரியும், 200 ஆண்டில் காலை வாரும்.

உச்சங்களின் தேதியை எடுத்துப் பருவவாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் தனித்தனி உச்ச வரிசை, தனித்தனிப் பொருத்தம். அப்புறம் சேர்ப்பது சுலபம்: 150 மி.மீ.யைத் தாண்டும் வாய்ப்பு ஒரு பருவத்தில் 0.02, மற்றதில் 0.03 என்றால், இரண்டிலும் தாண்டாமல் இருக்கும் வாய்ப்பு 0.98 × 0.97, ஆகவே வருடத்தில் தாண்டும் வாய்ப்பு 0.0494. தனித்தனியாக 50 ஆண்டு மழை, 33 ஆண்டு மழை என்று தெரிந்தது சேர்த்துப் பார்த்தால் 20 ஆண்டு மழை. புயல் எல்லா வருடமும் வராத இடத்தில் வந்த வருடங்களின் பங்கையும் உள்ளே சேர்க்க வேண்டும். இதற்கென்றே ரோசி, ஃபியோரென்டினோ, வெர்சாசே 1984-இல் கொடுத்த இரு கூறு பரவல் இருக்கிறது. எனக்கு அது அளவுரு அதிகம் தின்னும் விருந்தாளி. தேதி தெரிந்த தரவுக்குப் பருவமாகப் பிரிப்பதே போதும்.

ஐடிஎஃப் வளைவுகள் வெட்டிக்கொள்கின்றன

ஐடிஎஃப் என்பது கால அளவு, மீள்வருகைக் காலம் இரண்டுக்கும் ஏற்ற மழைச் செறிவைக் காட்டும் வளைவுத் தொகுப்பு. 100 ஆண்டு வரிசையில் 30 நிமிட மழை 78 மி.மீ., 60 நிமிட மழை 74 மி.மீ. என்று வந்தால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முதல் அரை மணியில் பெய்தது அடுத்த அரை மணியில் மேலே போய்விடுமா? ஆனாலும் இது அடிக்கடி நடக்கிறது, காரணம் ஒவ்வொரு கால அளவுக்கும் தனியாக ஜிஇவி பொருத்தியதுதான். 30 நிமிடத்தின் ஷேப் 0.22 என்றும் 60 நிமிடத்தின் ஷேப் −0.05 என்றும் வந்திருக்கும், 10 ஆண்டில் ஒழுங்காக நின்ற இரண்டும் 100 ஆண்டுக்குள் கடந்து போய்விடும்.

இரண்டு கால அளவின் மூலத் தரவு ஒரே காலத்தைச் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். 30 நிமிடத்துக்கு 12 ஆண்டுத் தானியங்கித் தரவு, 24 மணிக்கு 50 ஆண்டுத் தினசரித் தரவு என்று கலந்திருந்தால் வளைவுகள் ஒத்துப்போனால்தான் ஆச்சரியம்.

தரவு சரி என்றால் எல்லாக் கால அளவையும் சேர்த்துப் பொருத்துங்கள். செறிவை ஒரு பின்னமாக எழுதும் பழைய வடிவம்தான்: மேலே மீள்வருகைக் காலத்தை (10 ஆண்டு, 100 ஆண்டு என்பது) மட்டும் பொறுத்த ஒரு எண், கீழே கால அளவோடு ஒரு மாறிலியைக் கூட்டி ஓர் அடுக்குக்கு உயர்த்தியது. குட்சோயானிஸ் குழுவினர் 1998-இல் இதை ஒழுங்கான நிகழ்தகவு அடித்தளத்தில் வைத்தார்கள். ஒவ்வொரு கால அளவின் உச்சச் செறிவையும் அந்தக் கீழ்ப்பகுதியால் பெருக்கினால் எல்லாம் ஒரே குவியலாகிவிடும், அந்தக் குவியலுக்கு ஒரே ஜிஇவி, ஒரே ஷேப். வெட்டவே வழியில்லை. அடுக்கு 0-க்கும் 1-க்கும் நடுவில் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். 1-ஐத் தாண்டினால் ஒரு கட்டத்துக்கு மேல் நேரம் கூடக் கூட மொத்த மழை குறையும், மறுபடி அதே அபத்தம். ஆண்டுகள் குறைவான தரவில் வளைவுகளைக் கையால் தேய்த்துச் சமப்படுத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

வரம்பு தாண்டிய மழைகளை எடுத்தால் 2 ஆண்டு மழை கூடுகிறது

பிழை இல்லை. ஆண்டு உச்ச வரிசையில் 2 ஆண்டு என்பதும் வரம்பு வரிசையில் 2 ஆண்டு என்பதும் வேறு வேறு பொருள். லாங்பைன் 1949-இல் காட்டிய தொடர்பின்படி வரம்பு வரிசையின் 2 ஆண்டு, ஆண்டு உச்ச வரிசையில் 2.54 ஆண்டு. 10 ஆண்டுக்கு 10.5, அதற்கு மேல் வித்தியாசம் கரைந்துவிடும். சிறு வடிகால்களுக்கு 2 ஆண்டு மழை எடுக்கிறவர்கள் எந்த வரிசை என்று எழுதியே ஆக வேண்டும்.

நிஜமான பிழை எங்கே வரும் என்றால், ஒரே மழைத் தொடரின் அடுத்தடுத்த மூன்று நாட்களை மூன்று தனி மழையாக எண்ணும்போது. வருடத்துக்கு எத்தனை மழை வரம்பைத் தாண்டியது என்று எண்ணி, அந்த எண்ணிக்கைகளின் மாறளவைச் சராசரியால் வகுத்துப் பாருங்கள். 1-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 1.8, 2 என்று போனால் கொத்துக் கொத்தாக எண்ணியிருக்கலாம், தொடர் ஒன்றுக்கு ஓர் உச்சம் மட்டும் வைத்து மறுபடி எண்ணுங்கள்.

பக்கத்து மழைமானிகள் ஒத்துப்போகவில்லை

ஒரே நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஏழு மழைமானி, ஏழு 100 ஆண்டு எண், 140-இலிருந்து 260 வரை. வரைபடத்தில் போட்டால் அம்மைத் தழும்புபோல் இருக்கும். மலைச்சரிவால் வரும் வித்தியாசம் எவ்வளவு, வெறும் தற்செயல் எவ்வளவு என்று பிரிக்க ஹாஸ்கிங்-வாலிஸ் முறைதான் கைகொடுக்கும். ஒவ்வொரு மழைமானியின் உச்சங்களையும் அதன் சொந்தச் சராசரியால் வகுத்து, எல்லாவற்றின் எல்-மொமென்ட் விகிதங்களையும் சராசரி எடுத்து, ஒரே வளர்ச்சி வளைவு (சராசரியின் எத்தனை மடங்கு என்று சொல்லும் வளைவு) போட்டு, மறுபடி அந்தந்தச் சராசரியால் பெருக்குங்கள். மலையின் பாதிப்பு சராசரியில் தங்கிவிடும், தற்செயல் பெரும்பாலும் கரைந்துவிடும்.

அதற்கு முன் இரண்டு சோதனை. குழுவுக்குள் ஒட்டாமல் நிற்கும் மழைமானியைக் காட்டும் ஓர் அளவு இருக்கிறது. 15-க்கு மேற்பட்ட மழைமானிகள் உள்ள குழுவில் அது 3-ஐத் தொட்டால் அந்த மழைமானியின் கோப்பைத் திறந்து பாருங்கள், பாதி நேரம் மேலே சொன்ன திங்கள்கிழமை உள்ளே இருக்கும். சிறிய குழுவுக்கு எல்லை இன்னும் குறைவு. குழு முழுவதும் ஒரே சீரா என்பதற்கான அளவு 1-க்குக் கீழே என்றால் சரி, 2-க்கு மேலே என்றால் குழுவைப் பிரிக்க வேண்டும். 12 மழைமானி, 30 ஆண்டு, ஆகவே 360 ஆண்டுத் தரவு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரே புயல் பன்னிரண்டையும் நனைத்திருக்கும்.

மழை எண் சரி, வெள்ளம் மட்டும் ஊதிப்போகிறது

புள்ளி மழையை அப்படியே நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் ஊற்றியிருப்பீர்கள். ஒரு மழைமானியின் 100 ஆண்டு செறிவு ஒரே நேரத்தில் 260 சதுர கிலோமீட்டர் முழுவதும் பெய்யாது. அமெரிக்கத் தரவிலிருந்து வந்து பரவலாகப் புழங்கும் லெக்லெர்க்-ஷாகே சூத்திரப்படி அந்தப் பரப்புக்குக் குறைப்பெண் 1 மணி நேர மழைக்குச் சுமார் 0.79, 24 மணி நேரத்துக்குச் சுமார் 0.94. இடிமழை ஆளும் இடத்தில் இதைவிடக் குறையலாம். இன்னொன்று, கேட்கவே கூச்சம்தான் என்றாலும் கேட்டுவிடுகிறேன்: 30 நிமிட மழை 40 மி.மீ. என்றால் செறிவு மணிக்கு 80 மி.மீ., எந்த எண்ணை மாடலுக்குள் போட்டீர்கள்?

வருடம் போகப்போக உச்சம் கூடுவதுபோல் தெரிகிறது

ஏற்றம் இருக்கிறதா என்று பார்க்கும் மான்-கெண்டால் சோதனை ஆமாம் என்று சொன்னதும் காலநிலை மாற்றம் என்று எழுதத் தோன்றும். திடீர் மாற்றத்தைத் தேடும் பெட்டிட் சோதனையையும் போட்டு, உடைப்பு எந்த வருடம் என்று பார்த்து, மழைமானியின் வரலாற்றைத் திறங்கள். அதே வருடம் கருவி மாறியிருந்தாலோ, பக்கத்து மரத்தை வெட்டியிருந்தாலோ, கதை வேறு. பக்கத்து மழைமானிகளோடு இரட்டைக் குவிப்பு வரைபடம் (இந்த மழைமானியின் கூட்டுத்தொகைக்கு எதிரே பக்கத்து மழைமானிகளின் கூட்டுத்தொகை) போட்டால் கோடு அங்கேயே மடங்கும். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவி தாங்கும் என்பது இயற்பியல், அதை மறுக்கவில்லை. ஆனால் 25 ஆண்டில் உச்சம் 40 சதவீதம் ஏறியிருந்தால் அது மட்டும் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. லொகேஷன் அளவுரு காலத்தோடு ஏறும் மாடலைப் பொருத்தினாலும் தரவு முடிந்த வருடத்துக்கு வெகு தூரம் அப்பால் அந்தக் கோட்டை நீட்டாதீர்கள்.

பத்தே வருடத்தில் இரண்டு தடவை '100 ஆண்டு மழை' பெய்துவிட்டது

மாடல் பொய் என்று தொலைபேசி வரும். ஒரே மழைமானியில் 10 ஆண்டுக்குள் 100 ஆண்டு மழை இரண்டோ அதற்கு மேலோ வரும் வாய்ப்பு 0.4 சதவீதம்தான், ஆகவே அங்கே நடந்திருந்தால் கோப்பைத் திறப்பது நியாயம். ஆனால் ஒன்றையொன்று சாராத 50 மழைமானிகளில் ஏதாவது ஒன்றில் அப்படி நடக்கும் வாய்ப்பு 19 சதவீதம். செய்தியாக வருவது அந்த ஒன்று மட்டும்தான். எந்த மழைமானி என்று முதலில் கேளுங்கள், மழைக்கு முன்பே அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்களா, மழைக்கு அப்புறம் தேடி எடுத்தார்களா என்று கேளுங்கள். முந்தையது என்றால் அந்த இரண்டு மழையையும் வரிசையில் சேர்த்து மறுபடி பொருத்தி, நம்பிக்கை இடைவெளியோடு புது எண்ணைக் கொடுங்கள். பிந்தையது என்றால் அந்த மழைமானியை மட்டும் வைத்து எண்ணை மாற்றாமல், குழு முழுவதற்கும் புதிய வருடங்களைச் சேர்த்து ஓட்டுங்கள்.